கடத்தூர் போர்டில் இருக்கிற எழுத்து

என் வீட்டுக்காரர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. எழுதிக்கொள்கிற கோகிலவாணியே போட்டுவிட்டாள்: மாதையன், ஓய்வுபெற்ற கண்டக்டர், கடத்தூர். கோகிலவாணி பக்கத்து வீட்டு மருமகள். நான் சொல்லச் சொல்ல எழுதி, திரும்பப் படித்துக் காட்டுகிறாள். நான் சொல்லாத நல்ல வார்த்தை எதையாவது சேர்த்திருந்தால் அடித்துவிடச் சொல்கிறேன்.

சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு உதவுகிற எங்கள் சங்கம் இந்த வருடம் மலர் போடுகிறது. அதில் அவருடைய வாழ்க்கை வரவேண்டும் என்று செயலாளர் மாதவராஜ் வாத்தியார் வந்து கேட்டார். "ரெண்டு பக்கம் போதும்மா. பாப்பிரெட்டிப்பட்டி மண்டபத்து விஷயம் மட்டும் வேணாம், விட்டுடலாம்" என்றார். விட மாட்டேன் என்றேன். அதை எடுத்துவிட்டுத்தான் போடுவார் என்றால் அந்தப் பக்கத்தில் நகைக்கடை விளம்பரம் போட்டுக்கொள்ளட்டும்.

அவர் பிறந்தது கடத்தூருக்குக் கிழக்கே, மானாவாரிக் காடு வைத்திருந்த குடும்பத்தில். ராகியும் கடலையும் விளைந்த வருடம் சொந்தச் சோறு, விளையாத வருடம் கூலிச் சோறு. பத்தாவது முடித்ததும் தனியார் பஸ் ஒன்றில் கிளீனராகச் சேர்ந்தார். இருபத்திரண்டு வயதில் கண்டக்டர். அதன்பின் முப்பத்தாறு வருடம் தோளில் பையை மாட்டிக்கொண்டு நின்றார். தருமபுரி, கடத்தூர், பொம்மிடி, பாப்பிரெட்டிப்பட்டி, மஞ்சவாடிக் கணவாய் ஏறி இறங்கினால் சேலம். இதைத் தாண்டி அவர் உலகம் பார்த்ததில்லை. ஆனால் இந்த வழியில் அவருக்குத் தெரியாத புளியமரம் கிடையாது.

ஏறுகிறவர் முகத்தைப் பார்த்தே எந்த ஊர் என்று டிக்கெட் கிழித்துவிடுவார். கல்யாணமான புதிதில் நான் அம்மா வீட்டுக்குப் போக அவர் வண்டியில் ஏறினால் எனக்கும் டிக்கெட் கிழித்து நீட்டுவார். "கட்டுனவளுக்குமா டிக்கெட்டு?" என்று வண்டியே சிரிக்கும். "வண்டி என்னுதா? முதலாளிதுங்க" என்று பையைத் தட்டிக்கொண்டு முன்னால் போய்விடுவார். எனக்குக் கோபம் வரும். டிக்கெட்டைச் சுருட்டி அவர் மேல் எறிவேன். அதை எடுத்துப் பிரித்து, "பத்திரமா வெச்சுக்கம்மா, செக்கிங் வரும்" என்று திரும்ப என் கையில் வைப்பார்.

படம் சேர்க்கிற பழக்கம் அப்போதே உண்டு. ஆயுத பூஜையில் வண்டிக்கு மாலை போட்டு எடுத்த படம், புது பஸ் முன்னால் டிரைவரும் கிளீனரும் நிற்கிற படம், வெள்ளத்தில் தரைப்பாலம் போன படம். ஸ்டுடியோக்காரர்களிடம் கெஞ்சி வாங்குவார். எந்த ஸ்டாப்புக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று வயதானவர்களைக் கேட்டு, தீர்ந்துபோன டிக்கெட் புத்தகத்தின் அட்டையில் எழுதி வைப்பார். எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடந்தன. கரையான் வந்தால் எனக்குத்தான் வேலை.

ஓய்வு பெற்ற பிறகு, அவரோடு வேலை பார்த்த கிளீனர் ஒருவருக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரம் மூன்று நாள் தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். போகும்போது உட்கார்ந்து போகிறவர், வரும்போது சுருண்டு வருவார். கூட ஒரு ஆள் போனால் அந்த ஆளின் கூலி போச்சு. அதனால் தனியாகவே போய் வந்தார். இப்படி எத்தனை பேர் என்று இவர் விசாரித்தார். வண்டிக்கு வண்டி இருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் துண்டை ஏந்தி நின்று பார்த்தார். ஒருவரும் நின்று கேட்கவில்லை. அப்போதுதான் மாதவராஜ் வாத்தியார் சொன்னார்: "துண்டை மடிங்கண்ணே. நீங்க பஸ் கதை சொல்லுங்க, கேட்டவங்க தானா போடுவாங்க."

முதல் தடவை ஒரு பள்ளிக்கூடத்தில், அவருடைய வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டித்தான் படம் காட்டினார்கள். போகப் போகச் சங்கத்துக்கென்று படம் காட்டுகிற மெஷினும் கம்ப்யூட்டரும் வந்தன. கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிற சசிகலா பழைய படங்களையெல்லாம் அதில் ஏற்றிக் கொடுத்தாள். பெட்ரோல் கிடைக்காத காலத்தில் கரி எரித்து ஓட்டிய பஸ், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஓடி யுத்த காலத்தில் நின்றுபோன சின்ன ரயில், சித்தேரி மலைக்கு ரோடு இல்லாதபோது சனங்கள் தலைச்சுமையோடு இறங்கி வந்த தடம், பஸ் கூரையில் தக்காளிக் கூடையோடு கட்டிக்கொண்டு போன ஆடு. இதையெல்லாம் அவர் சொன்னால் சின்னப் பிள்ளைகள்கூட வாயைப் பிளந்து கேட்கும். வாசலில் வைத்த தகரப் பெட்டி நிறைந்துவிடும். அந்தப் பணத்தில் கூலி கொடுத்து, நோயாளிகளோடு துணைக்கு ஆட்களை அனுப்பினார்கள்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு ஆளின் படத்தைப் போட்டால் பெயரை முதலில் சொல்ல மாட்டார். "இவரு யாருங்கறதக் கடைசியில சொல்றன்" என்று ஆரம்பித்து, கதையெல்லாம் முடித்து, கூட்டம் தவிக்கிறபோதுதான் பெயரைச் சொல்வார். 

கூட்டங்கள் தொடங்கி இரண்டு வருடத்திலேயே அவர் கண் மங்க ஆரம்பித்தது. கண்ணில் அழுத்தம் என்றார் டாக்டர். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற தினமும் இரண்டு வகைச் சொட்டு மருந்து விடவேண்டும் என்றார். கடைசியில் வெளிச்சமும் நிழலும்தான் மிஞ்சின. சங்கத்தில் அதை அவர் சொல்லவில்லை. "கண்ணு தெரியாதவன் படம் காட்ட வந்துட்டான்னு சிரிப்பாங்க புள்ள" என்றார். அதனால் நான் கூடப் போனேன். கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்காருவேன். எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரிய சசிகலா அதன் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தாள். அவர் "ரைட்" என்றால் பொட்டை அமுக்குவேன், படம் மாறும். "ஓல்டான்" என்றால் கையை எடுத்துவிடுவேன். முப்பத்தாறு வருடம் வண்டியை நிறுத்திய அதே சொல். சந்தேகம் வந்தால் மைக்கை மூடிக்கொண்டு என்னைக் கேட்பார்: "கீழ பேரு என்னா போட்டிருக்குது?" நான் சொல்வேன்.

எனக்குப் படிக்கத் தெரியாது.

இது அப்போது அவருக்குத் தெரியாது. முப்பது வருடத்துக்கு முன்னால் ஊரில் அறிவொளி வகுப்பு நடந்தது. வேலை முடிந்து வந்த பெண்கள் சிலேட்டும் கையுமாய் உட்கார்ந்தார்கள். நான் ஒரு வாரம் போனேன். கையெழுத்துப் போட வந்தது. அதற்குமேல் எழுத்தெல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தது. சொல்லிக் கொடுக்க வந்த பெண் என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஒருநாள் என்னைப் பார்த்து, "நேத்து சொன்னதுதானே இது" என்று சலித்துக்கொண்டாள். அதோடு நின்றுவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை. "வகுப்பு எப்டி போவுது?" என்று அவர் கேட்டால் "போவுது" என்பேன். வகுப்பு முடிந்த மாதம் "படிக்க வந்துடுச்சா?" என்றார். "வந்துடுச்சு" என்றேன். அந்த மனிதர் அடுத்த நாள் வண்டியில் ஏறிய ஆளுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார்: "எங்க வூட்ல இப்பப் படிக்குது." அதன்பிறகு எப்படி மாற்றிச் சொல்வது?

பொய்யைக் காப்பாற்றுவது ஒன்றும் பெரிய வேலையாக இல்லை. பஸ் போர்டைப் பார்த்தால் தெரியும். போர்டு முழுக்க நெருக்கமாக எழுதியிருந்தால் பாப்பிரெட்டிப்பட்டி. கடத்தூர் நாங்கள் இருக்கிற ஊர், அதன் முதல் எழுத்து எனக்கு மனப்பாடம். சொட்டு மருந்து ஒன்றுக்கு மூடி நீலம், இன்னொன்றுக்கு மஞ்சள். "காலையில போடறது எது, படிச்சுப் பாரு" என்பார். நீல மூடியை எடுத்துக் கொடுப்பேன். காட்டுகிற படங்களும் எனக்கு நெட்டுரு. எந்தப் படத்தின் கீழ் என்ன பெயர் என்று சசிகலா ஒருதடவை சொன்னால் போதும்.

போன வருடம் தை மாதம் பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் ஏற்பாடானது. அந்த ஊரில் டிரைவர் நூர் பாஷாவின் மனைவி ரோஷன் பீ இருக்கிறார். நூர் பாஷாவை நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் கதை இல்லாமல் என் வீட்டுக்காரர் எந்தக் கூட்டத்தையும் முடித்ததில்லை. மஞ்சவாடிக் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனபோது, ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் பாறை. நூர் பாஷா தான் உட்கார்ந்திருந்த பக்கத்தைப் பாறையில் உரச விட்டு வண்டியை நிறுத்தினார். வண்டியில் இருந்தவர்கள் சிராய்ப்போடு இறங்கினார்கள். அவருக்கு வலது கால் நசுங்கியது. பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை, சைக்கிள் கடை வைத்துக் காலம் தள்ளி, இறந்தும் போனார். அந்த வண்டியின் கண்டக்டர் என் வீட்டுக்காரர். பள்ளத்துப் பக்கம் முன்படியில் நின்றிருந்தவர்.

அதற்கு முன்னால் கூட்டத்தைச் சிரிக்க வைக்க இன்னொரு டிரைவர் கதை சொல்வார். கருப்பண்ணன். சந்தை நாளில் பஸ் நிறைய ஆட்களை உட்கார வைத்துவிட்டு, "டீ குடிச்சிட்டு வரன்" என்று இறங்கிச் சேவல் சண்டைப் பந்தயம் கட்டுகிற சேவக்கட்டுக்குப் போய், சட்டையையும் வாட்சையும் தோற்றுவிட்டு, பொழுது சாயும்போது பனியனோடு வந்து வண்டியை எடுத்தவர். குடும்பம் கிடையாது, இறந்து பல வருடம் ஆயிற்று. உயிரோடு இருந்தபோது தானே சொல்லிச் சிரிப்பாராம்.

இந்த இரண்டு பேருக்கும் அதுவரை படம் இல்லை. கூட்டம் நடப்பதற்கு இரண்டு நாள் முன்னால் ரோஷன் பீ ஒரு பழைய ஆல்பத்தைக் கொடுத்தனுப்பினார். அதில் இரண்டு பேர் படமும் பெயரோடு இருந்தது. இருவரும் காக்கிச் சட்டை, மீசை, இருபத்தைந்து வயது. "முதல்ல கருப்பண்ணன், அடுத்தது நூர் பாய்" என்று இவர் சசிகலாவிடம் போனில் சொன்னார். அவள் அவசரத்தில் நூர் பாஷாவை முன்னால் ஏற்றிவிட்டாள். மண்டபத்துக்கு வந்து கம்ப்யூட்டரைக் கொடுத்தபோது, "அக்கா, ரெண்டு படம் புதுசு. பேரு கீழ போட்டிருக்கன், பாத்துக்குங்க" என்றாள். படித்துக் காட்டு என்று சொல்லியிருக்கலாம். "சரிம்மா, நீ போ" என்றேன்.

முன்வரிசையில் ரோஷன் பீ உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பேத்தி சானியா. சானியாவுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. அவளைக் கட்டிக்கொள்ளப்போகிற வீட்டார் ஏழெட்டுப் பேரையும் அவர்தான் அழைத்து வந்திருந்தார். தன் வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று நாலு பேர் முன்னால் அவர்கள் கேட்கட்டும் என்று. அதை வாசலிலேயே என்னிடம் சொன்னார்.

கரி பஸ் போனது, சின்ன ரயில் போனது. "ரைட்" என்றார். பொட்டை அமுக்கினேன். காக்கிச் சட்டைப் படம் வந்தது. மைக்கை மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "கருப்பண்ணந்தானே?"

கீழே பார்த்தேன். ஒரு வரி எழுத்து. முதல் எழுத்து கடத்தூர் போர்டில் இருக்கிற எழுத்து. க. கடத்தூருக்கு வருகிறது என்றால் கருப்பண்ணனுக்கும் அதுதானே வரும்? எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. யாரும் சொல்லாமல், நானாகப் படித்த முதல் பெயர் அது. "ஆமாங்க, கருப்பண்ணந்தான்" என்றேன். நல்ல சத்தமாகவே சொன்னேன்.

சசிகலா அங்கே எழுதியிருந்தது: கடத்தூர் வண்டி டிரைவர் நூர் பாஷா.

"இவரு யாருங்கறதக் கடைசியில சொல்றன்" என்று ஆரம்பித்தார். டீக்கடை வந்தது, சேவல் வந்தது, "வாட்ச கழட்டிக் கட்டுனாரு, சட்டையக் கழட்டிக் கட்டுனாரு, நல்லவேளை அதுக்குள்ள சேவல் செத்துப்போச்சு" என்றார். மண்டபம் அதிர்ந்தது. சில பேர் திரையைப் பார்ப்பதும் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். சானியாவின் வருங்கால மாமனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சானியா தலையைக் குனிந்துகொண்டாள். நான் அதைப் பார்த்தேன். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

ரோஷன் பீ எழுந்தார். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். "மாதையண்ணே, அது எங்க வூட்டுக்காரரு" என்றார். அவ்வளவுதான். நடைபாதையில் நடந்து வெளியே போனார். சானியா பின்னாலேயே ஓடினாள்.

இவர் மைக்கில், "யாரு? யாரு பேசுனது?" என்று கேட்டார். எதிரே நடந்து போகிறவரை நேராகப் பார்த்துக்கொண்டே கேட்டார். அவருக்குக் கண் தெரியாது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

மறுநாளே என் வீட்டுக்காரர் மாதவராஜ் வாத்தியாரோடு போய் ரோஷன் பீ வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டார். திரும்பி வந்த கையோடு சசிகலா கடைக்குப் போனார். "எங்க வூட்ல படிச்சுத்தானே சொன்னா. நீதான் பேர மாத்திப் போட்டுட்ட" என்று சத்தம் போட்டிருக்கிறார். அவள் படத்தை எடுத்து, கீழே இருப்பதை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்துக் காட்டியிருக்கிறாள். 

வீட்டுக்கு வந்தார். கால் கழுவினார்.

அன்று சாயந்தரம் சொட்டு மருந்தை என்னிடம் நீட்டவில்லை. இரண்டு குப்பியையும் எடுத்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவிப் பக்கத்து வீட்டுக்குப் போய் கோகிலவாணியைக் கேட்டு வந்தார். மறுநாள் கரண்டு பில் வந்தது. அதையும் அவளிடமே கொண்டு போனார். எழுத்து இருக்கிற எதையும் அதன்பின் என் கையில் தரவில்லை. என்னைத் திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டியிருப்பேன். இதற்கு என்ன செய்வது? கேட்டவர்களிடமெல்லாம், "எனக்குத்தாங்க கண்ணு தெரியல, தப்பு என்னுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "உசிரக் காப்பாத்துனவனையே கேலி பேசிட்டான் பாரு" என்று டீக்கடையில் பேசினார்கள். கூட்டங்களை நிறுத்திவிட்டார். தகரப் பெட்டி பீரோ மேல் ஏறியது. துணைக்குப் போன ஆட்கள் போகவில்லை. நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு சோறாக்கிக்கொண்டிருந்தேன். ஐந்து மாதம். இதை எழுது கோகிலா, ஐந்து மாதம் என்றே போடு.

ஆடி பிறந்ததும் ஒருநாள் காலையில், போர்டு நிறைய எழுத்து இருந்த பஸ்ஸாகப் பார்த்து ஏறினேன்.

ரோஷன் பீ வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். சின்னச் சுத்தியால் ஒரு தட்டு, கொட்டை தனியே விழும்.

"யாரு?"

"கடத்தூரு கண்டக்டர் வூட்டுக்காரிங்க."

சுத்தி நிற்கவில்லை. "உங்க வூட்டுக்காரரு வந்துட்டுப் போயிட்டாரு. கண்ணு தெரியலன்னாரு. கண்ணு தெரியாதவருக்கு வாயி மட்டும் எதுக்கு அத்தினி நீளம்?"

"தப்பு அவருது இல்லிங்க பாயம்மா. பேரு என்னான்னு என்னியத்தான் கேட்டாரு. எனக்குப் படிக்கத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி மாத்திச் சொல்லிட்டன்."

சுத்தி நின்றது. "எனக்குந்தான் படிக்கத் தெரியாது. அதுக்காவ அடுத்தவ புருஷன சேவக்கட்டுக்கு அனுப்பி வெச்சனா?"

நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவில்லை.

"சானியாவக் கட்டிக் குடுத்துட்டன். கல்யாணம் நிக்கல, அது அல்லா புண்ணியம். ஆனா அந்த வூட்ல கறிக்குச் சேவல் வாங்கினா, 'உங்க தாத்தாவோடதா இது, செயிச்சுதா தோத்துதா'ன்னு கேக்கறாங்களாம். சிரிச்சிக்கிட்டேதான் கேக்கறாங்களாம். அவளும் சிரிச்சிட்டு வந்து எனக்குப் போன் போட்டு அழுவறா."

"நான் என்னா செய்யணுமோ சொல்லுங்க, செய்யறன்."

"எங்கிட்ட வந்து எதுக்குச் சொல்ற? அவரு யாருன்னு எனக்குத் தெரியும். அந்த மண்டபத்துல உக்காந்து சிரிச்சாங்களே, அவங்ககிட்டச் சொல்லு. அவரு பேர நான் வாயால சொன்னதில்ல. நீ சொல்லு. சத்தமாச் சொல்லு." சுத்தியை மறுபடி எடுத்தார். என்னைப் பார்க்காமலே, "சொம்புல தண்ணி இருக்குது, குடிச்சிட்டுப் போ" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க போயிருந்த?"

"பாப்பிரெட்டிப்பட்டி."

"தனியாவா? போர்டப் பாத்தா ஏறுன?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நெறைய எழுத்து இருந்துது. ஏறிட்டன்" என்றேன். "எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"சசிகலா கடைக்குப் போன அன்னிக்கு." கட்டில் விளிம்பைத் தடவிக்கொண்டே, "நீ ஒண்ணும் யாருக்கும் சொல்ல வேணாம் புள்ள. கண்ணு எனக்குத் தெரியல, அதோட போவட்டும். உனக்கு எதுக்குத் தலகுனிவு?" என்றார்.

"அதே மண்டபத்துல இன்னொரு தடவ பேசணும்."

"எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் பேசுவன்?"

"நீங்க வரலன்னா நான் மட்டும் போவன். மாதவராஜ் வாத்தியார்கிட்டச் சொல்லிட்டுத்தான் வூட்டுக்கு வந்தன்." சொல்லியிருக்கவில்லை. அதுவும் பொய்தான். அவர் ஒத்துக்கொண்ட பிறகு ஓடிப்போய்ச் சொன்னேன்.

ஆவணியில் கூட்டம் நடந்தது. போன தடவை வந்ததில் பாதிப்பேர்தான் வந்தார்கள். வந்தவர்களிலும் சில பேர் வேடிக்கை பார்க்கத்தான் வந்திருந்தார்கள். சானியா புருஷனோடும் மாமனார் மாமியாரோடும் வந்திருந்தாள். ரோஷன் பீயைக் காணோம்.

அவர் மைக்கைப் பிடித்ததும், "போன தடவ இந்த எடத்துல ஒரு பெரிய தப்பு நடந்துபோச்சுங்க. எனக்குக் கண்ணு சரியாத் தெரியாததால…" என்று ஆரம்பித்தார்.

"ஓல்டான்" என்றேன்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் நிறுத்திவிட்டார். பழக்கம். நான் எழுந்து போய் அவர் கையிலிருந்த மைக்கை வாங்கினேன். அது என் பல்லில் இடித்தது. என்ன பேசினேன் என்று முழுதாக ஞாபகம் இல்லை. "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. முப்பது வருசமா இவரு கிட்டயே தெரியும்னு பொய் சொல்லியிருக்கறன். பேரு என்னான்னு என்னியக் கேட்டாரு, நான்தான் தப்பாச் சொன்னன். சேவக்கட்டுக்குப் போனது வேற ஆளு" என்றேன். ஒரு பெண், "அட, பாவம்" என்றாள். அந்த வார்த்தைதான் எனக்கு ஊசி ஏற்றியதுபோல் இருந்தது. என் வயதில் அப்படி எல்லோர் முன்னாலும் நிற்கக்கூடாது. நின்றேன்.

திரும்பி வந்து சிவப்புப் பொட்டை அமுக்கினேன். படம் வந்தது. கதையைச் சொல்லும் முன்பே, அவர் பழக்கத்துக்கு மாறாக, நான் சொன்னேன்: "இவரு பேரு நூர் பாஷா." கேட்டிருக்குமோ இல்லையோ என்று இன்னொரு தடவை சொன்னேன். பிறகு என் வீட்டுக்காரர் கணவாய்க் கதையைச் சொன்னார். அன்றைக்குச் சரியாக வரவில்லை, நடுவில் இரண்டு தடவை சொன்னதையே திரும்பச் சொன்னார். சானியாவின் மாமனார் சிரிக்காமல் கேட்டார். கேட்டு முடிந்ததும் தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

வெளியே செருப்பு விடுகிற இடத்தில் புளிக்கறை பிடித்த விரலோடு ஒருவர் தூணைப் பிடித்து நின்றதைக் கடைசியில் பார்த்தேன். நான் எழுந்து போவதற்குள் போய்விட்டார். சானியா என்னிடம் வந்தாள். பாட்டியை நானி என்றுதான் சொல்வாள். "நானி சொல்லச் சொன்னாங்க. பேர இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கலாமாம்."

தகரப் பெட்டி பீரோவிலிருந்து இறங்கிவிட்டது. துணை ஆட்கள் மறுபடி போய் வருகிறார்கள். என் மனசு லேசாகிவிட்டது என்று எழுதட்டுமா என்று கோகிலவாணி கேட்கிறாள். எழுதாதே. இப்போதும் கூட்டத்துக்குப் போனால் யாராவது என்னைப் பார்த்து, ஏதோ நோட்டீசை நீட்ட வந்து, கையை இழுத்துக்கொள்வார்கள். முகம் எரியும்.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். போன மாதம் மருந்துக்கடையில் வேறு கம்பெனிச் சொட்டு மருந்து கொடுத்துவிட்டார்கள். இரண்டு குப்பிக்கும் ஒரே வெள்ளை மூடி. சாயந்தரம் அவர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, பல மாதத்துக்குப் பிறகு, இரண்டையும் என் பக்கம் நீட்டினார். "இதுல இப்பப் போடறது எது, பாத்துச் சொல்லு."

வேண்டுமென்றேதான் கேட்டார். வாயோரத்தில் சிரிப்பு இருந்தது.

"தெரியாது" என்றேன்.

"எனக்குந்தான்" என்றார்.

ஆளுக்கொரு குப்பியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனோம்.